பழைய வண்டில எக்ஸாஸ்ட் எங்க லீக் ஆகுதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி: அடிக்கடி கேக்குற கேள்விங்க

பழைய வண்டி வச்சிருக்கவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இது. எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், எக்ஸாஸ்ட் லீக்க (இன்ஜின் புகைய வெளிய கொண்டு போற வழில எங்கயாவது கசியறத) கண்டுபிடிக்கணும்னா ராத்திரி முழுக்க நின்னு ஆறின இன்ஜின் வேணும், மெக்கானிக்கிட்ட ஓட்டிட்டு போய் காட்டும்போது பாதி லீக்குங்க ஒளிஞ்சுக்கும்.

இன்ஜின்ல "டிக் டிக்"னு ஒரு சத்தம். இது எக்ஸாஸ்ட் லீக்கா, டேப்பட் (வால்வ தள்ளித் திறக்கிற பாகம்) சத்தமா?

இந்த ஒரு கேள்வில தப்பு பண்ணி காசு விட்டவங்க நிறைய பேரு, நானும் அதுல ஒருத்தன். என் பழைய பெட்ரோல் வண்டில காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு கேக்கும், ஒரு பட்டறைல டேப்பட்னு சொல்லி மேல் மூடிய திறந்து கேப் அட்ஜஸ்ட் பண்ணாங்க, சத்தம் போகல, ஆயில் மாத்தினாங்க, போகல, கடைசில பார்த்தா மேனிஃபோல்டோட (எல்லா சிலிண்டர் புகையும் வந்து சேர்ற குழாய்) பின்பக்கம் கண்ணுக்கே தெரியாத இடத்துல ஒரு ஸ்டட் (அத இன்ஜினோட பிடிச்சு வைக்கிற மரைக் கம்பி) உடைஞ்சு போயிருந்துச்சு.

ரெண்டும் ஒரே மாதிரி கேக்குறதுக்கு காரணம் இருக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் புகைய வெளிய தள்ளும், வால்வுங்கள இயக்குற கேம் ஷாஃப்டும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் சுத்தும். ஆக்ஸிலேட்டர் கொடுக்காம ஓடுற ஐட்லிங்ல 800 ஆர்பிஎம்னா, அதாவது நிமிஷத்துக்கு 800 சுத்துன்னா, ரெண்டுமே நிமிஷத்துக்கு 400 தடவ தட்டும். அதனால தாளத்த வச்சு பிரிக்கவே முடியாது, தாளம் கரெக்டா இருக்கு அதனால டேப்பட்தான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

பிரிக்கிற வழி வேற. ஒண்ணு, லோடு. ஐட்லிங்ல மெதுவா கேக்குற சத்தம் ஆக்ஸிலேட்டர கொடுத்து மேடு ஏறும்போது பட பட பட்டுனு பெருசானா அது எக்ஸாஸ்ட் பக்கம், டேப்பட் சத்தம் வேகத்துக்கு தகுந்த மாதிரி சீக்கிரமா தட்டுமே தவிர லோடுக்காக அவ்வளவா மாறாது. ரெண்டாவது, நேரம். ஹைட்ராலிக் டேப்பட்டா இருந்தா ஆயில் பிரஷர் ஏறினதும் சில நொடில அடங்கிடும், எக்ஸாஸ்ட் லீக் அடங்க சில நிமிஷம் ஆகும் ஏன்னா அங்க இரும்பு சூடாகி விரியணும். மூணாவதுதான் நல்ல சோதனை, ஒவ்வொரு சிலிண்டரா வேலை செய்யாம நிறுத்திப் பாக்குறது. இன்ஜெக்ஷன் வண்டில ஒரு இன்ஜெக்டர் கனெக்டர கழட்டுங்க, கார்புரேட்டர் வண்டில பிளக் வயர எடுத்து அதுல வேற ஒரு பிளக்க மாட்டி அந்த பிளக்கோட உடம்பு இன்ஜின் இரும்புல படுற மாதிரி வைங்க, வயர சும்மா தொங்க விட்டா காயில் போயிடும், ஷாக்கும் அடிக்கும். எந்த சிலிண்டர நிறுத்தும்போது டிக் சத்தம் செத்துப் போகுதோ லீக் அந்த சிலிண்டரோட போர்ட்டுல (புகை வெளிய வர்ற வாய்ல) இருக்கு. டேப்பட் சத்தமா இருந்தா எத நிறுத்தினாலும் அப்படியேதான் இருக்கும். பெட்ரோல் எரியாம கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகைய சுத்தம் பண்ற பெட்டிக்கு) போனா அது சூடேறி கெட்டுப் போகும், அதனால பிளக் வயர எடுத்து பாக்குறத சில நொடில முடிச்சுடுங்க.

கவனிக்க வேண்டியது இன்னும் ரெண்டு இருக்கு. கனெக்டிங் ராடு பேரிங் போனாலும் சிலிண்டர நிறுத்தும்போது சத்தம் குறையும், ஆனா அது கீழ இருந்து டொக் டொக்னு கனமா வரும், டிக்னு வராது. அப்புறம் லூசா இருக்க ஸ்பார்க் பிளக், இது அப்படியே எக்ஸாஸ்ட் லீக் மாதிரியே கேக்கும். முதல்ல எல்லா பிளக்கும் டைட்டா இருக்கான்னு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

காலைல கேக்குது, பத்து நிமிஷம் ஓட்டினா போயிடுது. அப்போ சரியாயிடுச்சுன்னு விட்டுடலாமா?

விடாதீங்க, அதுதான் மேனிஃபோல்ட் லீக்கோட முக்கியமான அடையாளமே. அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 500 டிகிரி சூடேறினா ரெண்டரை மில்லிமீட்டருக்கு மேல நீளும். அது மாட்டியிருக்க ஹெட் (சிலிண்டருங்களுக்கு மேல இருக்க மூடி) அலுமினியமா இருந்தா, அலுமினியம் அதே சூட்டுக்கு வார்ப்பிரும்ப விட ரெண்டு மடங்கு விரியும், ஆனா ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடுறதால அது அவ்வளவு சூடே ஆகாது. ஆக ரெண்டும் தினமும் ஆளுக்கொரு அளவுல நீண்டு சுருங்கி நடுவுல மாட்டிக்கிட்ட ஸ்டட்டையும் பேக்கிங்கையும் (கசியாம இருக்க நடுவுல வைக்கிற தகடு) இழுத்துட்டே இருக்கு. சூட்டுல விரிஞ்சு இடைவெளி அடைஞ்சுக்கும், ஆறினா திறந்துக்கும். ஒவ்வொரு தடவயும் சூடான புகை அந்த சந்துல பீச்சி அடிச்சு அத கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும், அப்புறம் ஒருநாள் சூட்டுலயும் சத்தம் நிக்காது.

உடையறது பெரும்பாலும் ரெண்டு ஓரத்துல இருக்க ஸ்டட்டுங்கதான், ஏன்னா நீள்றது நடுவுல கம்மி ஓரத்துல ஜாஸ்தி. அதனால தேடும்போது ஓரத்துல இருந்து ஆரம்பிங்க, குறிப்பா கேபின் சுவர் பக்கம் கை போகாத அந்த கடைசி ஸ்டட்.

எந்த கருவியும் இல்லாம வீட்டுலயே பாக்க முடியுமா?

முடியும், கண்ணும் காதும் போதும். முதல்ல இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே டார்ச் அடிச்சு கரி தேடுங்க. பெட்ரோல் வண்டின்னா கருப்பாவோ சாம்பல் நிறத்துலயோ ஒரு கோடு, லீக் இருக்க சந்துல ஆரம்பிச்சு விசிறி மாதிரி பரவியிருக்கும், டீசல்னா நல்லா கன்னங்கரேல்னு அப்பியிருக்கும். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேர்ற இடம், மேனிஃபோல்டும் அங்க இருந்து கீழ இறங்குற டவுன் பைப்பும் சேர்ற பிளாஞ்ச் (போல்ட் போட்டு முடுக்குற விளிம்பு), ஈஜிஆர் பைப் (புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்கே அனுப்புற குழாய்) இருந்தா அது மாட்டுற இடம், ஆக்ஸிஜன் சென்சார் மரை, அப்புறம் பின்னிவிட்ட மாதிரி இருக்க ஃப்ளெக்ஸ் பைப், அதுக்கப்புறம் ஒவ்வொரு வெல்டிங்கும் ஒவ்வொரு கிளாம்ப்பும், கடைசில சைலன்சர் பெட்டியோட மடிப்பு. புகை போற வழிலயே போங்க, நடுவுல எதையும் தாண்டாதீங்க. மேனிஃபோல்ட் மேல ஒரு தகரம் மூடியிருக்கும், அத கழட்டாம பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்க ஜாஸ்தி, கழட்டுங்க. சில சமயம் அந்த தகரமே லூசாகி கடகடன்னு ஆடி லீக் மாதிரி ஏமாத்தும்.

அப்புறம் ஆறின இன்ஜின ஒருத்தர ஸ்டார்ட் பண்ண சொல்லிட்டு நீங்க ஜாயிண்ட்டுங்களுக்கு பக்கத்துல கைய கொண்டு போங்க, தொடாதீங்க, ஒரு சாண் தள்ளியே வைங்க. லீக் இருக்க இடத்துல சின்ன சின்னதா ஊதுற மாதிரி காத்து கைல அடிக்கும். இதுக்கு உங்களுக்கு ஒரு ரெண்டு நிமிஷம்தான், அதுக்கப்புறம் அந்த இரும்பு கைய பொசுக்கிடும். ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ் எடுத்து ஒரு முனைய காதுல வச்சுட்டு இன்னொரு முனையால ஜாயிண்ட் ஜாயிண்ட்டா துழாவினா சத்தம் எங்க இருந்து வருதுன்னு அவ்வளவு தெளிவா கேக்கும், ஆனா ஃபேனும் பெல்ட்டும் சுத்திட்டு இருக்கும், ஹோஸ் நுனி, தளதளன்னு இருக்க சட்டைக் கை, தலைமுடி எல்லாம் ஜாக்கிரதை. வண்டிக்கு அடில போறதா இருந்தா ஜாக்க மட்டும் நம்பி போகவே கூடாது, கீழ ஸ்டாண்டு வச்சுட்டுதான் போகணும். இதெல்லாம் திறந்த வெளில பண்ணுங்க, மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜின ஓடவிட்டு லீக் தேடுறது உயிருக்கு ஆபத்து.

சோப்புத் தண்ணி அடிச்சு பாக்குறாங்களே, அது எப்படி?

எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச வழி, ஏன்னா இன்ஜின் ஓடவே வேண்டாம். ஊதுற வசதி இருக்க வேக்குவம் கிளீனர் ஒண்ண எடுத்து அதோட குழாய வண்டியோட பின்னாடி புகைக் குழாய்ல வச்சு சுத்தி துணியால அடைச்சு ஊத விடுங்க. ரொம்ப அடைக்க வேண்டாம், கொஞ்சம் கசிஞ்சா பரவால்ல. இப்போ எக்ஸாஸ்ட் லைன் முழுக்க லேசான அழுத்தத்துல காத்து நிக்கும். ஸ்ப்ரே பாட்டில்ல பாத்திரம் கழுவுற சோப்ப தண்ணில கலந்து ஒவ்வொரு ஜாயிண்ட்டா அடிச்சுட்டு வாங்க, லீக் இருந்தா நுரை பொங்கும். கண்ணுக்கு தெரியாத மயிரிழை வெடிப்பு கூட இதுல மாட்டும். இன்ஜின் நின்ன நிலைல ஏதாவது ஒரு சிலிண்டர்ல ரெண்டு வால்வும் சேர்ந்து திறந்திருந்தா காத்து ஏர் ஃபில்டர் பக்கமா போகும், அழுத்தம் ஏறாத மாதிரி இருந்தா இன்ஜின கையால கொஞ்சம் சுத்திவிட்டு மறுபடி பாருங்க.

சூடான இரும்புல சோப்புத் தண்ணி அடிக்காதீங்க, வார்ப்பிரும்பு வெடிச்சிடும். கார்புரேட்டர் கிளீனர அடிச்சு லீக் தேடுற பழக்கம் இன்டேக் பக்கத்துக்கு உள்ளது, எக்ஸாஸ்ட் பக்கம் அத அடிச்சா தீப்பிடிக்கும்.

பின்னாடி குழாய அடைச்சுப் பாத்தா போதாதா?

சீக்கிரமா ஒரு முடிவு வேணும்னா ஓகே. தடிமனான கிளவுஸ் போட்டு மடிச்ச துணியால ஐட்லிங்ல சில நொடி அடைங்க. லைன் நல்லா இருந்தா கைய பலமா தள்ளும் இல்ல இன்ஜின் திணறும். ரெண்டும் இல்லாம முன்னாடி எங்கயோ "புஸ்ஸ்"னு கேட்டா லீக் இருக்கு. இருக்கா இல்லயான்னு சொல்லும், எங்கன்னு தெரிஞ்சுக்க நுரைக்குத்தான் போகணும்.

வண்டிக்குள்ள உக்காந்தா புகை வாசனை, கொஞ்ச நேரத்துல தலைவலி. இதுவும் லீக்கா?

இருக்கலாம். இந்த கேள்வி கேட்டவங்க கிட்ட நான் முதல்ல சொல்றது, லீக் எங்கன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த வண்டிய ஓட்டாதீங்க, குழந்தைங்கள ஏத்தவே ஏத்தாதீங்க. நமக்கு வாசனை வர்றது எரியாத பெட்ரோலோடது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, ஆக வாசனை இல்லன்னா பயமில்லன்னு நினைக்கவும் கூடாது. ரத்தத்துல ஆக்ஸிஜன தூக்கிட்டு போற ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைட ஆக்ஸிஜன விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் இன்ஜின்ல ஐட்லிங்ல வெளிய வர்ற புகைல நூத்துக்கு 3 பங்கு கார்பன் மோனாக்சைடு இருக்கறது சகஜம், அதாவது 10 லட்சத்துல 30,000 பங்கு. அமெரிக்காவுல வேலை இடத்து பாதுகாப்ப ஆராயற நியாஷ் நிறுவனம் உடனடியா உயிருக்கு ஆபத்துன்னு வச்சிருக்க அளவே 10 லட்சத்துல 1,200 பங்குதான். அந்த புகைல கொஞ்சமே கொஞ்சம் மூடின கேபினுக்குள்ள வந்தா போதும்.

தலைவலி, மயக்கம், குமட்டல், தூக்கம் சொக்குறது, வண்டில இருந்த எல்லாருக்கும் சேர்ந்து வந்தா சந்தேகமே வேண்டாம், உடனே ஓரமா நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் வெளிய வாங்க. உடனே சரியாகாது, நல்ல காத்துல இருந்தாலும் உடம்புல ஏறினது பாதியா குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். யாராவது குழப்பமா பேசினாலோ வாந்தி எடுத்தாலோ மயங்கினாலோ நேரா ஆஸ்பத்திரிதான். அங்க போனதும் புகைய சுவாசிச்சோம்னு மறக்காம சொல்லுங்க, ஆக்ஸிஜன் வைப்பாங்க.

உள்ள வர்றதுக்கு வழி ரெண்டு இருக்கு. முன்னாடி மேனிஃபோல்ட்ல லீக்னா கேபினுக்கு காத்து இழுக்கிற துவாரம் அங்கயே பக்கத்துல இருக்கும், ஹீட்டரோ புளோயரோ போட்டா நேரா முகத்துல அடிக்கும். அடில லீக்னா தரைத் தகரத்துல துரு ஓட்டை, கியர் லீவர் ரப்பர், பெடல் ரப்பர் வழியா ஏறும். லீக்கே இல்லாத வண்டில கூட பின் கதவ திறந்து வச்சு ஓட்டினா பின்னாடி சுழல்ற காத்து புகைய உள்ள இழுத்துட்டு வரும். பேட்டரில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கி டேஷ்போர்டுல வைங்க, பழைய வண்டில குடும்பத்தோட தூரம் போறவங்களுக்கு இத நான் வற்புறுத்தியே சொல்றேன்.

செக் இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேன் பண்ணா மிக்ஸர் லீன்னு (காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு) காட்டுது. எக்ஸாஸ்ட் லீக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

புகைதானே வெளிய போகும் காத்து எப்படி உள்ள வரும்னு கேப்பாங்க. புகை தொடர்ச்சியா போகல, அலை அலையா போகுது. ஒவ்வொரு அலைக்கும் நடுவுல குழாய்க்குள்ள அழுத்தம் வெளிய இருக்கறத விட குறையும், அப்போ லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள உறிஞ்சப்படும். அந்த லீக் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடியோ ஒட்டியோ இருந்தா சென்சார் ஐயையோ ஆக்ஸிஜன் ஜாஸ்தியா இருக்கு பெட்ரோல் பத்தலன்னு சொல்லும், இசியு (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) அத நம்பி பெட்ரோல கூட்டும். ஸ்கேனர்ல பி0171, சிலிண்டருங்க ரெண்டு வரிசையா இருக்க வி இன்ஜின்னா மறுபக்கத்துக்கு பி0174ங்கற கோடெல்லாம் வரும். சென்சார மாத்தி காச விட்டவங்க உண்டு, பாவம் சென்சார் மேல தப்பே இல்ல. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சுன்னு சொல்ற பி0420 கூட பக்கத்துல லீக் இருந்தா பொய்யா வரலாம்.

இதே லீன் கோடு இன்டேக் பக்கம் வேக்குவம் லீக் இருந்தாலும் வரும், ரெண்டுமே ஐட்லிங்ல மோசமா காட்டும் 2,500 ஆர்பிஎம்ல குறையும். பிரிக்கணும்னா பிளக்க கழட்டி பாருங்க. வேக்குவம் லீக்ல நிஜமாவே காத்து அதிகமா வந்துச்சு, இசியு பெட்ரோல கூட்டி சரிக்கட்டிடுச்சு, அதனால பிளக் ஒழுங்கா இருக்கும். எக்ஸாஸ்ட் லீக்ல சிலிண்டருக்குள்ள எந்த குறையும் இல்ல, தேவையில்லாம பெட்ரோல் கூடியிருக்கு, அதனால பிளக் கருப்பா கரி பிடிச்சிருக்கும், மைலேஜும் விழும். ஸ்கேனர் லீன்னு சொல்லுது பிளக் கருப்பா இருக்குன்னா முதல்ல மேனிஃபோல்டதான் சந்தேகப்படணும்.

கார்புரேட்டர் வண்டி, ஆக்ஸிலேட்டர விட்டா பின்னாடி டப் டப்னு வெடிக்குது.

இறக்கத்துல காலை எடுக்கும்போது சிலிண்டர்ல சரியா எரியாத பெட்ரோல் குழாய்க்குள்ள வரும், லீக் வழியா புதுக் காத்து உள்ள வந்தா அங்கயே பத்திக்கும். லீக் பாருங்க, அதோட ஐட்லிங் மிக்ஸர் ரொம்ப லீனா இருந்தாலும் இக்னிஷன் டைமிங் தள்ளிப் போயிருந்தாலும் இதே வெடிப்பு வரும்ங்கறதையும் மனசுல வைங்க.

டீசல் டர்போ வண்டிக்கு வேற ஏதாவது?

டர்போவுக்கு முன்னாடி லீக்னா டர்பைன (புகையோட வேகத்துல சுத்துற சக்கரத்த) சுத்த வேண்டிய அழுத்தம் வெளிய போயிடும், பிக்கப் லேட்டாகும், லோடுல விசில் மாதிரி கேக்கும், கரும்புகை வரும். கரி நிறைய அப்புறதால கண்டுபிடிக்கிறது பெட்ரோல விட சுலபம். ஒரு எச்சரிக்கை, பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல்ல சிலிண்டர நிறுத்த இன்ஜெக்டர் பைப் நட்ட லூஸ் பண்ணுவாங்க, காமன் ரெயில் இன்ஜின்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அதிக அழுத்தக் குழாய்ல இருந்து டீசல் போறது) அத செய்யவே செய்யாதீங்க, அங்க அழுத்தம் 1,000 பாருக்கு மேல கூட போகும், டீசல் தோல கிழிச்சு உள்ள போயிடும்.

சைலன்சர்ல இருந்து தண்ணி சொட்டுது. ஓட்டையா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும், ஆறின குழாய்ல அது தண்ணியாகி சொட்டும். பெட்டிக்கு அடில தண்ணி வடியறதுக்குன்னே சின்ன துளை விட்டிருப்பாங்க, அத லீக்னு வெல்டு பண்ணி அடைச்சிடாதீங்க. பக்கத்துல பக்கத்துல மட்டும் ஓடுற வண்டில தண்ணி காயறதே இல்ல, அதான் சைலன்சர் உள்ள இருந்து வெளிய துருப்பிடிக்குது.

பேஸ்ட், டேப் சுத்தி சமாளிக்கலாமா?

பின்பக்க குழாய்ல பட்டறை போற வரைக்கும் சரி. மேனிஃபோல்ட்ல நிக்காது. வார்ப்பிரும்பு வெடிப்ப சும்மா வெல்டு பண்ணாலும் பக்கத்துலயே மறுபடி விடும், முன்னாடியே நல்லா சூடேத்தி நிக்கல் ராடு வச்சு பண்ணி மெதுவா ஆற விடணும், அது தெரிஞ்ச ஆள்கிட்ட மட்டும் கொடுங்க. வெடிச்சிருக்கான்னு சந்தேகம்னா மேனிஃபோல்ட கழட்டி தொங்கவிட்டு சின்ன சுத்தியால தட்டிப் பாருங்க, நல்லதுன்னா கணீர்னு கேக்கும் வெடிச்சதுன்னா சொத்துனு கேக்கும். மண்ணெண்ணெய் தடவி துடைச்சுட்டு மேல சாக்பீஸ் பூசினாலும் வெடிப்புல ஊறின எண்ணெய் கோடா வெளிய தெரியும்.

புது பேக்கிங் போட்டு ஒரு மாசத்துல மறுபடி லீக். பேக்கிங் மட்டமா?

பெரும்பாலும் பேக்கிங் மேல தப்பு இருக்காது, அது ஏன் போச்சுன்னு யாரும் பாக்கல, அதான். மேனிஃபோல்ட் முகம் வளைஞ்சிருக்கும், நேரான ஸ்டீல் பட்டிய வச்சு ஃபீலர் கேஜ (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) சொருகி பாத்து, உங்க வண்டி மேனுவல்ல சொன்ன அளவுக்கு மேல போனா லேத்துல கொடுத்து ஃபேசிங் பண்ணணும் (முகத்த சமமா சீவணும்). இன்ஜின் மவுண்ட் ரப்பர் போயிருந்தா ஒவ்வொரு தடவ ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் இன்ஜின் ஆடி டவுன் பைப்ப இழுக்கும், ஃப்ளெக்ஸ் பைப்பும் ஸ்டட்டும் திரும்பத் திரும்ப உடையும், சைலன்சர தொங்கவிடுற ரப்பர் அறுந்திருந்தாலும் அதே கதைதான்.

கழட்டும்போது துருப்பிடிச்ச நட்ட ஒரே மூச்சுல திருகாதீங்க, முந்தின நாளே துரு எடுக்குற ஆயில் விட்டு ஊற விடுங்க, கொஞ்சம் திருகி கொஞ்சம் திருப்பி மெதுவா எடுங்க. உடைஞ்ச ஸ்டட்டுக்கு மேல ஒரு நட்ட வச்சு வெல்டு பண்ணி எடுக்குறது நல்ல முறை, அந்த சூடே மரையையும் இளக்கிடும். ரொம்பப் பழைய வண்டில பேக்கிங் ஆஸ்பெஸ்டாஸா இருக்கலாம், காய்ஞ்சத பிரஷ் போட்டு தேய்ச்சு தூசி கிளப்பாதீங்க, தண்ணில நனைச்சு முகமூடி போட்டு சுரண்டுங்க.

மாட்டும்போது புது ஸ்டட், புது நட், டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து காட்டுற ஸ்பானர்), நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் ஓரத்துக்கு போங்க, ஒரே தடவைல முழு டைட் வேண்டாம் ரெண்டு மூணு சுத்தா ஏத்துங்க. ஒருமுறை நல்லா சூடாகி முழுசா ஆறினதும், மேனுவல்ல வேண்டாம்னு சொல்லலன்னா மறுபடி ஒரு தடவ டைட் பாருங்க.

வேலை முடிஞ்சு வண்டி வந்துச்சு. சரியா பண்ணியிருக்காங்களான்னு எப்படி தெரியும்?

பட்டறைல வச்சு கேட்டுட்டு வராதீங்க, அங்க இன்ஜின் சூடா இருக்கும். வீட்டுக்கு கொண்டு வந்து ராத்திரி நிறுத்திடுங்க. காலைல பானெட்ட முதல்லயே திறந்து வச்சுட்டு வேற ஒருத்தர ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, நீங்க மேனிஃபோல்ட் பக்கம் காத கொடுத்து நில்லுங்க, முதல் ஒரு நிமிஷம் டிக் சத்தம் இல்லன்னா, ஒரு வாரம் கழிச்சு அதே மாதிரி இன்னொரு காலைல பாருங்க.